ஒரு ரிங்

ஒரு ரிங் என்றால் முழித்திருக்கிறேன்.
இரண்டு ரிங் என்றால் பேச வேண்டும்.
மூன்று ரிங் அடித்தால்
செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பு.
இவ்வளவுதான் எங்கள் பேச்சு,
பெரியாஸ்பத்திரி மாத்திரை வரிசையில்
ஒரு செவ்வாய்க்கிழமை வெயிலில் முடிவானது.

துளசிராம் எனக்குச் சொந்தமில்லை.
சாயப்பட்டறைக்காரர், நகக்கண்ணில் இன்னும் ஊதா.
அவர் மனைவி ஜானகிபாய்
கடைக்காரனோடும் பால்காரனோடும்
நாற்பது வருடம் பேசிய தமிழை
ஒரே ஆடி மாதத்தில் தொலைத்துவிட்டாள்.
வீட்டுக்குள் பேசும் சௌராஷ்டிரம் மட்டும் மிச்சம்.
டாக்டருக்கு அது தெரியாது.
பக்கத்தில் நின்று இவர்தான் தமிழில் சொல்வார்:
தண்ணி கேக்குறா.
அவ அம்மாவைக் கேக்குறா.
நான் யாருன்னு கேக்குறா.

என் வீட்டுக்காரர் வீரணன், கண்டக்டர்.
பணி ஓய்வாகிப் பன்னிரண்டு வருடம்.
செல்லூர் வீட்டு நடையில், நள்ளிரவில்,
"உள்ள போ, உள்ள போ" என்று
சுவரைத் தட்டிக்கொண்டு வருவார்.
இது பஸ் இல்லைங்க, வீடுங்க,
நான் பஞ்சவர்ணங்க என்று
திருத்தித் திருத்தித் தொண்டை கட்டியது எனக்கு.

"திருத்தாதம்மா," என்றார் துளசிராம்,
டோக்கனை மடித்துச் சட்டைப் பையில் வைத்தபடி.
"டிக்கெட் எடுத்துட்டு உக்காரு."

எடுத்தேன்.
உசிலம்பட்டி ஒண்ணு.
சில்லறை இல்லையென்று கண்டபடி திட்டினார்.
திட்டிய அலுப்பில் விடியும்வரை தூங்கினார்.

பெரியவன் போனில், யோகா வகுப்புக்குப் போங்கம்மா என்கிறான்.
நாத்தனார், போன பிறவிக் கடன் என்கிறாள்.
கீரைக்காரி வல்லாரைக் கட்டோடு நிற்கிறாள்.
துளசிராம் சொன்னது இவ்வளவு:
தாழ்ப்பாளைக் கதவின் அடியில் வை,
மேலேதான் தேடுவார், குனிய மாட்டார்.
கண்ணாடிமேல் வேட்டியைப் போடு.
அப்புறம்,
சோத்தை முதல்ல நீ தின்னு.

கரண்ட் போன ஒரு ஐப்பசி ராத்திரி
குனிந்துவிட்டார்.
கதவு திறந்து கிடந்தது, மழைச்சாரல் நடைவரை.
மூன்று ரிங் அடித்தேன்.

மொபெட்டில் வந்தார்.
விட்டுவர ஆளில்லாமல்
ஜானகிபாயைப் பின்னால் உட்கார்த்தி
ஈரத்துண்டால் தன் இடுப்போடு சேர்த்துக் கட்டி.
அவள் மழையை நாக்கு நீட்டிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.
வைகைப் பாலத்தில் வண்டியைத் தள்ளிக்கொண்டு அவர் நடக்க
பக்கத்தில் நடந்தபடி சொன்னேன்:
அண்ணே, கதவைப் பாத்ததும் நான் ஓடல.
கால நீட்டிப் படுத்தேன்.
ஒரு நிமிஷம்
நிம்மதியா இருந்துச்சு.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை.
ஒரு லாரி எங்களைக் கடந்து போகும்வரை பேசவுமில்லை.
"எனக்கு ரெண்டு நிமிஷம்," என்றார் பிறகு.
"போன மாசம்."

ஆரப்பாளையத்தில், தேனி வண்டி நிற்கும் இடத்தில்,
வண்டியே இல்லாத இருட்டைப் பார்த்து
தேனி தேனி தேனி என்று கூவிக்கொண்டிருந்தார் வீரணன்.
சட்டை பித்தான் எல்லாம் சரியாகப் போட்டிருந்தது,
வருடத்தில் முதல் முறையாக.
ஜானகிபாய் அவரிடம் ஏதோ சொன்னாள்.
"என்னவாம் இந்தம்மாவுக்கு?" என்றார், அதட்டலாக.
"இறங்கணுமாம்," என்றார் துளசிராம்.
வீரணன் விசிலுக்காக விரலை உதட்டில் வைத்தார்.
நாங்கள் நான்கு பேரும் இறங்கினோம்,
எதிலிருந்து என்று தெரியாமல்.

மாசியில் ஜானகிபாய் போய்விட்டாள்.
போனேன். ஒரு மணி நேரத்துக்குமேல் இருக்க முடியவில்லை,
எதிர்வீட்டுப் பையனை வீரணனோடு விட்டு வந்திருந்தேன்.
இனி அவராவது தூங்கட்டும் என்று நினைத்தேன்.

பதினாறாம் நாள் கழிந்த இரவு
மூன்று மணிக்கு ஒரு ரிங்.
கை பட்டிருக்கும் என்று விட்டேன்.
மறுநாளும் ஒரு ரிங்.
நானும் ஒன்று அடித்து வைத்தேன்.
அடுத்த நாள் இரண்டு.

தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார்:
டயப்பர் அரை பாக்கெட் மிச்சம் இருக்கும்மா.
எல் சைஸ்.
வீரணனுக்கு ஆகுமா?

ஆகும்ணே, கொண்டு வாங்க என்றேன்.
அலமாரியில் எம் சைஸ் அடுக்கியிருந்தது.